மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

ஏறட்டும், அவசரம் ஒன்றும் இல்லை. திரையில் அந்தப் பச்சைக் கோடு ஏறுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாகத்தான் மின்னோட்டம் ஏற வேண்டும், வேகத்தை அப்படிக் குறைத்து வைத்தது நான்தான், இப்போது எனக்கே பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கட்டுப்பாட்டு அறையில் என்னைத் தவிர ஆள் இல்லை, ஜன்னலும் இல்லை. வெளியே இந்த வடநாட்டில் கோதுமை அறுத்த வயல்களில் தாளைக் கொளுத்தியிருக்கிறார்கள், காலையில் வரும்போதே அந்தப் புகை துப்பட்டாவில் ஏறிவிட்டது, ஏசி எவ்வளவு ஓடினாலும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் அது நிற்கிறது. காந்தம் என்று வெளியாட்களிடம்தான் சொல்வோம், எங்களுக்குள் அது என்றாலே போதும். ஆள் உயரத்துக்கு ஓர் எஃகுப் பீப்பாய், அதற்குள் திரவ ஹீலியம், ஹீலியத்துக்குள் நாங்கள் சுற்றிய கம்பிச் சுருள், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக. அந்தக் குளிரில் அந்தக் கம்பி மின்சாரத்துக்குத் தடையே காட்டாது, எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஓர் இழை, ஒரே ஓர் இழை, மயிரிழை அகலம் நகர்ந்தாலும் உரசலில் சூடு பிறக்கும், அந்த இடம் வெறும் கம்பியாகிவிடும், சூடு பக்கத்துச் சுற்றுக்குப் பரவும், இமைப்பதற்குள் மொத்தச் சுருளும் வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிடும். ஹீலியம் கொதித்து வால்வுகளைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாய்ச் சீறும். அதைத்தான் க்வென்ச் என்கிறோம். நேற்று மாலை வந்தது மூன்றாவது. ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் மேலே போய்த்தான் விடுகிறது, கம்பி தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிப் படிகிறது, பழகுகிறது, இதெல்லாம் எதிர்பார்த்ததுதான் என்று கூட்டத்தில் நானே எல்லோருக்கும் சொன்னேன். அந்தச் சீறல் கேட்டபோது மட்டும் என் இரண்டு கையும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. "மேடம், ஹீலியம் லெவல் நல்லா இருக்கு, நீங்க பாட்டுக்கு ஏத்துங்க." ஐயாத்துரை. பக்கத்துக் கட்டடத்தில் ஹீலியம் பிளாண்டில் இருக்கிறார், தூத்துக்குடிக்காரர், ஒலிபெருக்கியில் கேட்டால் குரல் இன்னும் கொஞ்சம் இளமையாக இருக்கும். "சரி ஐயாத்துரை." "சாப்ட்டீங்களா?" "இருக்கு, சாப்பிடணும்." எலுமிச்சம்பழச் சாதம் டப்பாவில் இருக்கிறது. திறக்கவில்லை. திறந்தால் அந்த நேரம் பார்த்து விட்டுவிடும் என்று ஒரு பயம். இத்தனை வருஷம் இயற்பியல் படித்தும் இப்படி ஒரு பயம்.

இந்த மின்னோட்டம் இப்போது எந்த அடுக்கில் ஓடுகிறது என்று கேட்டால் அது தப்பான கேள்வி, மின்னோட்டம் எல்லா அடுக்கிலும் ஒன்றாகத்தான் ஓடும், ஆனாலும் என் மனசு அடுக்கு அடுக்காகத்தான் போகிறது, சுற்றிய வரிசையில். உள்ளிருந்து வெளியே. முதல் அடுக்கு சுற்றும்போது மழைக்காலம், கூடத்தின் ஈரப்பதத்தைக் குறைக்க முடியாமல் நின்று நின்று வேலை நடந்தது. சுற்றும் மேசை ஒரு ஆட்டுக்கல் வேகத்தில் திரும்பும், அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கேபிள் தொய்யாமல் இழுவை பார்ப்பார், இந்தப் பக்கம் நான் அது உட்காரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வருவேன், கையுறைக்குள்ளிருந்தும் விரலுக்குத் தெரியும், ஓரிடம் தூக்கியிருந்தால் தெரியும், ஏங்க என்பேன், மேசை நிற்கும், ஒரு மரச் சுத்தியலால் இரண்டு தட்டு, மறுபடி சுற்றும். ஒரு முழு அடுக்கு முடியும் வரை எங்களுக்குள் அந்த ஏங்கவைத் தவிர வேறு பேச்சு இருந்திருக்காது. அவர் மூக்குக்குள்ளேயே ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பார், என்ன பாட்டு என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியாது, அவருக்கே தெரியாது. எங்கள் குடித்தனம் அந்த மேசைக்கு இரண்டு பக்கமும் நடந்தது என்றால் யாருக்கு விளங்கும். பிள்ளை இல்லை என்று ஊரில் வருத்தப்படுவார்கள், அவருடைய அக்கா கோமதி மதினி ஒரு தடவை இங்கே வந்திருந்தபோது கண்ணாடிக்கு வெளியிலிருந்து இந்தப் பீப்பாயை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏ உலகம்மை, இம்புட்டுப் பெரிய காந்தம் எதத்தான் இழுக்கும்?" என்று கேட்டார். எதையும் இழுப்பதற்கு இல்லை மதினி, நடுவில் ஒரு துளை இருக்கிறது, அதில் சுண்டுவிரல் நகமளவு ஒரு படிகத்தை வைப்பார்கள், இத்தனை பெரிய காந்தப் புலத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். மதினி தலையை ஆட்டினார். சங்கரலிங்கம் சிரித்தார். புருஷன் பெயரைச் சொல்கிறேன், மனசுக்குள் எப்போதும் பெயர்தான், வாயில்தான் ஏங்க. கல்யாணமான புதிதில் ஒரு பழைய சோதனைக் காந்தத்தின் அருகில் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினார். தாலிச் செயினில் ஊக்கு கோத்து வைத்திருந்தேன், எல்லாப் பெண்களும் வைத்திருப்பதுதான், நாலைந்து ஊக்கு, அவை அத்தனையும் மெல்ல எழுந்து கழுத்திலிருந்து நேராகக் காந்தத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றன, செயினையும் இழுத்துக்கொண்டு. தங்கத்த அது சீந்தாது, பாரு, ஊக்குதான் வேணுமாம் என்றார். பயத்தில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் முதல் தடவையாக நானாக அவர் கையைப் பிடித்தது.

கோடு ஏறிக்கொண்டிருக்கிறது. பாதி தாண்டிவிட்டது. பாதிக்குக் கீழே எனக்குப் பயம் இல்லை. அவர் விழுந்ததும் இதே மாதிரி ஒரு மத்தியானம்தான். கடைசி அடுக்கு, கடைசிக்கு முந்திய நாளாக இருக்கலாம். மேசை சுற்றுகிறது, முனகல் நின்றிருக்கிறது, அது நின்றதை நான் கவனித்தேன், கவனித்தும் நிமிர்ந்து பார்க்கவில்லை, விரலடியில் ஓரிடம் லேசாகத் தூக்கியிருந்தது, ஏங்க என்றேன், மேசை நிற்கவில்லை. நிமிர்ந்தால் அந்தப் பக்கம் ஆள் இல்லை. தரையில் கிடந்தார், கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்து, "கேபிளப் பிடி," என்றார். பிடித்தேன். ஒரு கையில் கேபிளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மேசையை நிறுத்திவிட்டுத்தான் அவரிடம் ஓடினேன். அதில் ஒன்றும் தப்பில்லை, அவரும் அதைத்தான் செய்திருப்பார், ஆனால் அந்த நொடிகள் தனியாக எங்கோ நின்றுகொண்டிருக்கின்றன. இதயம் துடிக்கும் வேகம் குறைந்து குறைந்து இடையில் விட்டுவிடுகிறது, பேஸ்மேக்கர் வைத்தால் நன்றாக இருப்பார் என்றார் டாக்டர். வயதான டாக்டர், நிதானமாகப் பேசினார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சாருக்கு என்ன வேலை என்று கேட்டார். அவர் சொன்னார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு அவர்தான், சங்கரலிங்கம்தான், டாக்டரைத் தேற்றுவது போல, "பரவாயில்ல டாக்டர், எங்க எடத்துல தரையிலயே மஞ்சள் கோடு போட்டிருக்கோம்," என்றார். அந்தக் கோட்டைப் போட்டது அவரேதான், பல வருஷத்துக்கு முன்னால், கையில் காந்தப் புலம் அளக்கும் மானியை வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி நடந்து, காந்தத்தின் வீச்சு இதற்கு வெளியே யாருக்கும் தொந்தரவு செய்யாது என்று அளந்து போட்ட கோடு. இதயத்தில் கருவி வைத்தவர்கள் இதைத் தாண்டக் கூடாது என்று பலகையும் மாட்டினார். சுற்றும் கூடமும் சோதனைக் கூடமும் ஒரே கூரைக்குக் கீழே, எந்த நேரமும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு சின்னக் காந்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் கோடு வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறது. கருவி வைத்த பிறகு அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்தார்கள். வேண்டாம் என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். குவார்ட்டர்ஸில் இருந்தார் சில மாதம். சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி இந்தக் கட்டட வாசலுக்கு வருவார், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார், உள்ளே போய் வருகிறவர்களிடம் பேசுவார், எல்லோரும் மரியாதையாகப் பதில் சொல்வார்கள், கொஞ்ச நாளில் கொஞ்சம் அவசரமாகச் சொன்னார்கள். ஒருநாள் நான் வெளியே வரும்போது செருப்பு நுனியைக் கோட்டின்மேல் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அடுத்த வாரம் தென்காசிக்கு, அக்கா வீட்டுக்கு, டிக்கெட் போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாதது, ஐயாத்துரையிடமோ மதினியிடமோ சொல்லக்கூடிய விஷயம் இல்லை. ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்கினேன். நல்ல தூக்கம். அந்த வாரம் முழுக்க உடம்பு லேசாக இருந்தது, யாரையும் கண்ணால் தேற்ற வேண்டாம், என்னாச்சு இன்னைக்கு என்று கேட்கிற ஒருவருக்கு அளந்து அளந்து சொல்ல வேண்டாம், ரொம்ப நன்றாக நடந்தது என்றால் அவர் முகம் வாடும், சரியில்லை என்றாலும் வாடும். தனியாக வேலைக்குப் போய்த் தனியாக வந்தேன். பிறகு மெல்ல மெல்ல அந்த லேசு வேறொன்றாக மாறியது. சுருளைக் குளிர்விக்கத் தொடங்கிய நாள், ஒரு சென்சார் தப்பான எண் காட்டியது, நான் தலையைத் திருப்பாமல், ஏங்க என்றேன். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரோ ஒருவர், என்ன மேடம் என்றார். ஒன்றுமில்லை என்றேன். தினம் சாயங்காலம் அவர் போன் பண்ணுவார், குற்றாலத்தில் சாரல் விழுந்ததா, மதினிக்கு முழங்கால் எப்படி, இப்படித்தான் பேச்சு போகும், காந்தத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். இன்று காலை மட்டும் வழக்கத்துக்கு மாறாக விடிந்ததும் கூப்பிட்டார். "இன்னைக்கு ஏத்துறீங்களாக்கும்?" "ஆமாங்க." "இது முடிஞ்சதும் இங்க வந்துர்றியா?" கேட்டுவிட்டார். அத்தனை மாதமாகக் கேட்காததை, பல் விளக்கிக்கொண்டிருக்கிறவளிடம். "பாக்கலாம்," என்றேன். பாக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சினிமாவுக்கு வருகிறாயா என்று கேட்டதற்குச் சொல்வது போல. என்னத்தைப் பார்க்க. இயக்குநர் அடுத்த காந்தத்தை என்னிடம் கொடுக்கிறார், இதைவிடப் பெரியது, என் பொறுப்பில் முதலிலிருந்து கடைசி வரை, திங்கட்கிழமை சொல்லுங்கள் என்றார். நாளைக்கு. அதைச் சங்கரலிங்கத்திடம் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள் என்பார், ஒத்துக்கொள் என்று அவர் வாயால் சொல்ல வைப்பதும் நியாயமில்லை, சொல்லாமல் இருப்பதும் நியாயமில்லை. இங்கேயே முடங்கி ஒரு நாள் இந்தத் திரைகளுக்கு முன்னால் நானும் விழுவேன். அப்போது யாரிடம் கேபிளைப் பிடிக்கச் சொல்வது.

நேற்று விட்ட இடம் நெருங்குகிறது. "மேடம், நேத்து எடம் வருதுல்ல?" "வருது." "இங்க பிரஷர் அசையாம நிக்குது. சும்மா வுடுங்க, அது படிஞ்சிருக்கும்." படிந்திருக்கும். கோடு ஏறுகிறது. இப்போது அறையில் என்ன சத்தம் என்று கேட்டால் ஏசியின் சத்தம், அதற்குக் கீழே காந்தத்துக்கு மின்சாரம் கொடுக்கும் அலமாரியின் இரைச்சல், அதற்கும் கீழே என் காதுக்குள் என் நாடி. என் நாடி ஒழுங்காகத்தான் அடிக்கிறது. நேற்று விட்டது வெளிச் சுருளில், மூன்றாவது அடுக்குப் பக்கம் என்று மின்னழுத்தப் பதிவு காட்டியது. இடது ஓரத் திரையில் அந்த மின்னழுத்தக் கோடு நேராக ஓடுகிறது, நேராக, பிறகு குத்தியது. ஊசி போல மேலே ஒரு குத்து. என் விரல் நிறுத்தும் பொத்தான்மேல் இருக்கிறது, அது எப்போது அங்கே போனது. எங்கோ ஒரு சுற்று அசைந்திருக்கிறது, கேபிள் தோளைச் சாய்த்துக்கொள்வது போல. சூடாகியிருக்குமா. சூடு பரவுகிறதா. இன்னொரு குத்து, முன்னைவிடப் பெரியது. "மேடம், இங்க லேசா ஒரு ஆட்டம் தெரிஞ்சுது. நிறுத்திருவமா?" நிறுத்தலாம். நிறுத்தி இறக்கிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்துபோகலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அல்லது விடலாம், விட்டால் நாலாவது தடவையும் அந்தச் சீறல், ஹீலியம் மறுபடி நிரம்ப வேண்டும், மறுபடி குளிர வேண்டும், அந்தச் சத்தத்தை இந்த அறையில் நான் ஒருத்தி மட்டும் கேட்க வேண்டும். நான் கண்ணை மூடினேனா தெரியவில்லை. என் கட்டைவிரல் நுனியில் ஒரு நினைவு இருந்தது, மூன்றாவது அடுக்கு, கேபிள் அன்றைக்குக் கொஞ்சம் முரடாக வந்தது, ஆனால் தூக்கிய இடம் ஒன்றைக்கூட நான் விட்டுவிட்டுப் போகவில்லை. "வேண்டாம் ஐயாத்துரை. போகட்டும்." குத்து அடங்கியது. மின்னழுத்தக் கோடு நேரானது. பச்சைக் கோடு நேற்றைய இடத்தைத் தொட்டது, தாண்டியது, தாண்டிய பிறகு அது எதுவும் நடக்காதது போல அதே சோம்பலோடு ஏறிக்கொண்டு போனது. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்து வைத்தேன். உப்பு போட மறந்திருக்கிறேன்.

பதினொரு டெஸ்லா. எட்ட வேண்டிய முழுக் காந்தப் புலம். நின்றுவிட்டது, நிற்கிறது. "மேடம், எனக்குக் கையே ஓடல," என்றார் ஐயாத்துரை, "அங்க வந்து உங்களுக்குக் கை குடுக்கணும், ஆனா பிளாண்ட விட்டுட்டு வர முடியாது." "தெரியும். இருங்க." அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை பெரிய ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, ஒரு சத்தம் இல்லை, ஒரு வெளிச்சம் இல்லை, ஆள் போய்ப் பார்த்தாலும் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, அதே பீப்பாய்தான். போனை எடுத்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார், மத்தியானத்திலிருந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "சொல்லு உலகு." "ஏறிருச்சுங்க." "முழுசாவா?" "முழுசா. நிக்குது." "எங்கயும் தடுக்கலியா?" "நேத்து விட்ட எடத்துல ரெண்டு தடவ குத்துச்சு. பெறகு தானா அடங்கிருச்சு." "மூணாவது அடுக்குதான?" "ஆமா." "அது முரட்டு கேபிளு. படிய நேரமெடுக்கும்னு அப்பமே நெனச்சேன்." அவர் பின்னால் குக்கர் விசில் ஒன்று, மதினி யாரையோ அதட்டும் சத்தம். பிறகு, "அடுத்ததுக்கு ஒன்னையத்தான் கேட்டிருக்காங்களாமே," என்றார். "யாரு சொன்னா?" "ஐயாத்துரை. போன வாரமே." ஒரு வாரம். சாரலைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசிய அத்தனை சாயங்காலங்களிலும் இதை வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார். "ஏங்க நீங்க கேக்கல?" "நீயா சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லல. சரி, காலைல நாமளே கேட்டுருவோம்னு வேற மாதிரி கேட்டுப் பாத்தேன்." நான் வாயைத் திறந்தேன், என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. "ஒத்துக்கப் போறேங்க." காதில் விழுந்த பிறகுதான் அது முடிவு என்று புரிந்தது. "தெரியும்," என்றார். கோபம் இல்லை குரலில், நான் தேடிப் பார்த்தேன், இல்லை. "வான்னு கேட்டது வேற ஒண்ணுக்கும் இல்ல. படுத்தா நெஞ்சுக்குள்ள அந்த மெஷின் ஓடுறது கேக்குற மாதிரி இருக்கு. கேக்காதுன்னு தெரியும். ஆனாலும் பயமா இருக்கு." இத்தனை மாதத்தில் பயம் என்ற வார்த்தையை அவர் சொன்னது இன்றுதான். "நீங்க இங்க வந்துருங்களேன்." "வந்து அந்தக் கோட்டுக்கிட்ட நிக்கச் சொல்றியா?" "லீவு கெடைக்கும்போதெல்லாம் நான் வர்றேன்." "போக வர ரயில்லயே நாலு நாளு போயிருமே." "போகட்டும்." "சரி," என்றார். "அடுத்ததுல வெளிச் சுருளுக்கு இழுவையக் கொஞ்சம் கூட்டு. இதுக்கு வச்சது பத்தல." "சரிங்க." "ஒன் பக்கம் தடவுறதுக்கு வேற யாரையும் விட்டுராத, அத நீயே பாரு. இழுவைக்கு யாராச்சும் பழகிக்கிடுவான்." அடுத்த காந்தம் கண்முன் வந்தது. மேசை சுற்றுகிறது, அந்தப் பக்கம் வேறு யாரோ நிற்கிறார், அந்த ஆள் எந்த மெட்டை முனகுவாரோ, முனகவே மாட்டாரோ. ஒலிபெருக்கி கரகரத்தது. "மேடம், ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. ரொம்ப நேரம் நிறுத்தி வைக்க முடியாது. மெல்ல எறக்கிருவமா?" போனில் அவருக்கும் கேட்டிருக்கும். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் ஐயாத்துரை," என்றேன். "இப்ப எவ்வளவு காட்டுது?" என்றார் அவர், மெதுவாக. திரையைப் பார்த்து, கடைசித் தசமம் வரைக்கும் வாசித்தேன். மதினி சாப்பிடக் கூப்பிட்டார், அவர் இந்தா வர்றேன் என்றார், நகர்ந்த சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் போனது. "இப்ப?" மறுபடி முதல் எண்ணிலிருந்து வாசித்தேன். ஒன்றும் மாறவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். முழுதாக வாசித்தேன்.